நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் எதற்காக? மாவட்ட ஆணையங்களில் சோதிக்கப்படும் நோக்கம் - ஓர் அலசல்

புதுடெல்லி: 1999-ஆம் ஆண்டு உத்தரப் பிரதேச மாநிலம் மதுராவில் ரயில் பயணச்சீட்டு வாங்கிய வழக்கறிஞர் ஒருவர், இரண்டு சீட்டுகளுக்கு 70 ரூபாய்க்குப் பதிலாக 90 ரூபாய் வசூலிக்கப்பட்டதைக் கண்டார். கூடுதலாக வாங்கிய 20 ரூபாயைக் கேட்டும் கிடைக்காததால் நுகர்வோர் நீதிமன்றத்தை நாடினார். நூறு முறைக்கும் மேல் அந்த வழக்கு விசாரணைக்கு வந்தது. 2022 ஆகஸ்ட் மாதத்தில்தான் தீர்ப்பு கிடைத்தது. 20 ரூபாயை ஆண்டுக்கு 12 சதவீத வட்டியுடன் திருப்பித் தருவதுடன், 15 ஆயிரம் ரூபாயும் செலுத்துமாறு ரயில்வேக்கு உத்தரவிடப்பட்டது.

நாட்டின் மிகப்பெரிய அரசு நிறுவனங்களில் ஒன்றை, வெறும் 20 ரூபாய்க்காகச் சாமானியர் ஒருவர் பதில் சொல்ல வைத்தார். தொகை சிறியது என்று புகார் ஒதுக்கப்படவில்லை. அது நுகர்வோர் சட்டத்தின் பெருமை. ஆனால், சில மாதங்களில் முடிந்திருக்க வேண்டிய வழக்கு 22 ஆண்டுகளைக் கடந்தது. அது அதே சட்டத்தின் தோல்வி. புகார்தாரர் வழக்கறிஞராக இருந்ததால், இன்னொரு வழக்கறிஞருக்குக் கட்டணம் தரவேண்டிய தேவை அவருக்கு எழவில்லை. அந்த வசதி இல்லாத ஒருவர் இரண்டாவது வாய்தாவிலேயே வழக்கைக் கைவிட்டிருப்பார்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் எதற்காக இயற்றப்பட்டது, அந்த நோக்கம் இன்று எந்த இடத்தில் தடைபட்டு நிற்கிறது என்ற கேள்விகளுக்கான விடை, நாடாளுமன்றத்தில் நிறைவேறிய பிரிவுகளில் மட்டும் இல்லை. மாநில அரசுகள் நடத்தும் மாவட்ட, மாநில ஆணையங்களின் அன்றாடச் செயல்பாட்டிலும் அது அடங்கியிருக்கிறது.

வாங்குபவரின் பொறுப்பா, விற்பவரின் பொறுப்பா?

1986-க்கு முன்பும் ஏமாற்றப்பட்டவருக்குச் சட்டத்தில் வழி இருந்தது. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும், 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமும் நடைமுறையில் இருந்தன. ஆனால், சரக்கு விற்பனைச் சட்டத்தின் அடிப்படைப் பார்வை வேறு. பொருளின் தரத்துக்கு, சில விதிவிலக்குகள் நீங்கலாக, விற்பவர் உறுதி அளித்ததாகக் கொள்ளக் கூடாது என்பது அதன் பொது விதி. வாங்குபவரே பார்த்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது இதன் பொருள்.

சந்தையில் கத்திரிக்காயைப் புரட்டிப் பார்த்து வாங்குபவருக்கு இந்த விதி பொருந்தலாம். மூடிய பெட்டியில் வரும் மின்சாதனத்தையோ, மாத்திரையையோ, 40 பக்கக் காப்பீட்டு ஒப்பந்தத்தையோ யாரும் அப்படிப் புரட்டிப் பார்த்துவிட முடியாது. பொருளைப் பற்றிய முழு விவரமும் தயாரிப்பவரிடம் இருக்கிறது. ஒப்பந்தத்தை எழுதுபவரும் அவரே. தகராறு வந்தால் வழக்கு நடத்தப் பணமும் சட்டத்துறையும் அவரிடம்தான் உள்ளன. வாங்கியவரிடம் இருப்பது ஒரு ரசீது மட்டுமே.

இந்த ஏற்றத்தாழ்வு உலகம் முழுவதும் உணரப்பட்ட ஒன்று. 1962 மார்ச் 15 அன்று அமெரிக்க அதிபர் ஜான் எஃப். கென்னடி, பாதுகாப்பு, தகவல், தேர்வு, கருத்துக் கேட்கப்படுதல் ஆகிய நான்கு உரிமைகளை அந்நாட்டு நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய செய்தியில் குறிப்பிட்டார். அந்த நாளே இன்று உலக நுகர்வோர் உரிமைகள் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 1985 ஏப்ரலில் ஐ.நா. பொதுச் சபை நுகர்வோர் பாதுகாப்புக்கான வழிகாட்டுதல்களை ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டே இந்தியாவில் தனிச் சட்டம் உருவானது. 1986 டிசம்பர் 24 அன்று அதற்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். அதன் நினைவாகவே டிசம்பர் 24 தேசிய நுகர்வோர் நாளாக உள்ளது.

33 ஆண்டுகளுக்குப் பின், 2019-ல் புதிய சட்டம் இயற்றப்பட்டு, 2020 ஜூலை மாதம் நடைமுறைக்கு வந்தது. அபாயகரமான பொருள்களிலிருந்து பாதுகாப்பு, தரம், அளவு, தூய்மை, விலை குறித்த தகவல், போட்டி விலையில் தேர்வு, கருத்துக் கேட்கப்படுதல், குறைதீர்வு, விழிப்புணர்வு ஆகிய ஆறும் நுகர்வோரின் உரிமைகள் என்று இச்சட்டம் வரையறுக்கிறது.

வழக்கறிஞர் இல்லாமலே வழக்கு

உரிமைகளைப் பட்டியலிடுவது எளிது. சிறிய இழப்புக்கு ஆளானவர் அந்த உரிமையைப் பயன்படுத்த முன்வருவாரா என்பதே கடினமான கேள்வி. 3 ஆயிரம் ரூபாய் மிக்சி பழுதானால், அதற்காக 10 ஆயிரம் ரூபாய் செலவு செய்து உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்கு நடத்த யாரும் விரும்பமாட்டார்கள். இது விற்பவருக்கும் தெரியும். அந்தத் துணிவில்தான் பல புகார்கள் அலட்சியப்படுத்தப்படுகின்றன.

இந்தக் கணக்கை மாற்றுவதற்காகவே சட்டத்தின் நடைமுறைப் பிரிவுகள் வடிவமைக்கப்பட்டுள்ளன. பொருளுக்கோ சேவைக்கோ செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை. புகார்தாரர் தாமே வாதிடலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும், புகார்தாரர் வசிக்கும் அல்லது பணிபுரியும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். இணைய வணிகக் காலத்தில் இது பெரிய மாற்றம். பெங்களூருவில் பதிவு செய்யப்பட்ட நிறுவனத்திடம் பொருள் வாங்கிய ராஞ்சிவாசி, இனி பெங்களூருவுக்கு ரயில் ஏற வேண்டியதில்லை.

காலக்கெடுவும் சட்டத்திலேயே உள்ளது. புகாரை ஏற்பதா, வேண்டாமா என்பதைச் சாதாரணமாக 21 நாள்களுக்குள் முடிவு செய்ய வேண்டும். முடிவு செய்யாவிட்டால் ஏற்கப்பட்டதாகவே கருதப்படும். எதிர்த்தரப்பினருக்கு அறிவிப்பு கிடைத்த நாளிலிருந்து 3 மாதங்களுக்குள் வழக்கை முடிக்க முயல வேண்டும். பொருளை ஆய்வகத்தில் சோதிக்க வேண்டியிருந்தால் 5 மாதங்கள். தக்க காரணம் காட்டப்பட்டு, அது எழுத்துமூலம் பதிவானால் மட்டுமே வாய்தா வழங்கலாம். காணொலி வழியாக விசாரணை நடத்தவும், சமரச மையத்துக்கு அனுப்பவும் வழி உண்டு.

எதிர்த்தரப்பினர் பதில் மனு தாக்கல் செய்ய 30 நாள்கள், கூடுதலாக 15 நாள்கள் மட்டுமே அவகாசம் உண்டு. இந்த 45 நாள்களுக்கு மேல் ஒரு நாள்கூட நீட்டிக்க ஆணையங்களுக்கு அதிகாரமில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020 மார்ச்சில் தீர்ப்பளித்தது. 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தை முன்வைத்து அளிக்கப்பட்ட தீர்ப்பு இது. விரைவான தீர்வு என்பது சட்டத்தின் அலங்காரச் சொல் அன்று, அதன் உயிர்நாடி என்பதையே அந்தத் தீர்ப்பு உணர்த்தியது.

'சேவை' என்ற சொல்லின் விரிவு

சட்டத்தின் நோக்கத்தை விரிவாகப் பொருள்கொள்ள வேண்டும் என்பதில் உச்ச நீதிமன்றம் தொடக்கம் முதலே உறுதியாக இருந்து வந்துள்ளது. 1993-ஆம் ஆண்டு லக்னோ வளர்ச்சிக் குழுமம் தொடர்பான வழக்கில், வீடு கட்டித் தரும் அரசு அமைப்புகளும் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டவையே என்று தீர்ப்பளிக்கப்பட்டது. மக்களை அலைக்கழித்த அதிகாரிகளின் தவறுக்கு மக்களின் வரிப்பணத்திலிருந்தே இழப்பீடு தருவது முறையாகாது. பொறுப்பான அதிகாரிகளிடமிருந்து அதை வசூலிக்க வேண்டும் என்றும் நீதிமன்றம் கூறியது. அரசு அலுவலகத்தில் அலைக்கழிக்கப்படுவதும் இழப்பீட்டுக்கு உரிய இழப்பே என்ற கருத்து அத்தீர்ப்பால் வேரூன்றியது.

1995 நவம்பரில் இந்திய மருத்துவச் சங்கம் தொடர்ந்த வழக்கில், கட்டணம் பெற்று அளிக்கப்படும் மருத்துவச் சிகிச்சையும் சேவையே என்று உச்ச நீதிமன்றம் தீர்மானித்தது. சென்னை உயர் நீதிமன்றம் அதற்கு முன் மாறுபட்ட கருத்தைக் கொண்டிருந்தது. எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை அளிக்கும் மருத்துவமனைகளுக்கு இச்சட்டம் பொருந்தாது. ஆனால், சிலரிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு வேறு சிலருக்கு இலவசமாகச் சிகிச்சை அளிக்கும் மருத்துவமனையில், இலவச நோயாளியும் நுகர்வோரே. பணம் கொடுத்தவருக்கு ஒரு நீதி, ஏழைக்கு ஒரு நீதி என்ற நிலை அங்கு தவிர்க்கப்பட்டது.

வீடு வாங்குவோர் விஷயத்தில் 2019 ஏப்ரலில் வந்த தீர்ப்பு குறிப்பிடத்தக்கது. குருகிராமில் அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டிய நிறுவனம் ஒன்றின் ஒப்பந்தத்தில், வாங்குபவர் தவணையைத் தாமதித்தால் 18 சதவீத வட்டி. நிறுவனம் வீட்டைத் தாமதமாகத் தந்தால் அது தரும் வட்டியோ 9 சதவீதம்தான். புள்ளியிட்ட கோட்டில் கையெழுத்திடுவதைத் தவிர வாங்குபவருக்கு வேறு வழியில்லை என்பதை ஆராய்ந்த உச்ச நீதிமன்றம், இத்தகைய ஒருதலைப்பட்சமான விதிகள் நியாயமற்ற வணிக நடைமுறை என்று அறிவித்தது.

2019-ஆம் ஆண்டுச் சட்டம் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்பதைத் தனியாகவே வரையறுத்தது. கடனை முன்கூட்டியே அடைக்க முன்வந்தும் ஏற்க மறுப்பது, காரணமின்றி ஒரு தரப்பு மட்டும் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்வது, சிறிய மீறலுக்கு அளவுக்கு மீறிய அபராதம் விதிப்பது போன்றவை அதில் அடங்கும். இத்தகைய விதிகளைச் செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரம் மாவட்ட ஆணையத்துக்கு இல்லை. மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும் மட்டுமே அது வழங்கப்பட்டுள்ளது. மாநில ஆணையம் வெறும் மேல்முறையீட்டு அமைப்பாக இல்லாமல், ஒப்பந்தத்தின் நியாயத்தையே எடைபோடும் அமைப்பாகவும் இதனால் ஆகியிருக்கிறது.

இந்த விரிவுக்கு எல்லையும் உண்டு. வழக்கறிஞர்களின் பணி தனிப்பட்ட சேவை ஒப்பந்தத்தின் கீழ் வருவதால் அது நுகர்வோர் சட்டத்துக்குள் அடங்காது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வணிக நோக்கில் வாங்கிய பொருள்களுக்கும் சட்டம் பொருந்தாது. எனினும், சுயதொழில் செய்து பிழைப்பவர் தமது வாழ்வாதாரத்துக்காக வாங்கும் தையல் இயந்திரமோ ஆட்டோவோ வணிக நோக்கம் எனக் கருதப்படுவதில்லை. வலிமை குறைந்தவரை விட்டுவிடக் கூடாது என்ற கவனம் இந்த விளக்கத்திலும் தெரிகிறது.

சட்டம் மத்திய அரசுடையது, சுமை மாநிலங்களுடையது

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது நாடாளுமன்றம். அதைச் செயல்படுத்தும் அமைப்புகளில் பெரும்பாலானவை மாநிலங்களின் பொறுப்பில் உள்ளன. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு தலைவரும் குறைந்தது இரண்டு உறுப்பினர்களும் கொண்ட ஆணையத்தை மாநில அரசே அமைக்க வேண்டும். மாநில ஆணையத்துக்குத் தலைவரும் குறைந்தது நான்கு உறுப்பினர்களும் தேவை. நியமனம், ஊதியம், கட்டடம், எழுத்தர், தட்டச்சர் என அனைத்துக்கும் மாநில அரசையே ஆணையங்கள் எதிர்பார்த்திருக்கின்றன.

இங்குதான் நோக்கத்துக்கும் நடைமுறைக்கும் இடையே பிளவு ஏற்படுகிறது. தலைவர் ஓய்வுபெற்றுப் பல மாதங்கள் கடந்தும் புதியவர் நியமிக்கப்படாத மாவட்டங்கள் உண்டு. ஒரு மாவட்டத் தலைவர் பக்கத்து மாவட்டத்தையும் சேர்த்துக் கவனிக்கும் ஏற்பாடு பல மாநிலங்களில் வழக்கமாகிவிட்டது. அமர்வு நிறைவடையாவிட்டால் வழக்கு நகராது; வாய்தா மட்டுமே நகரும்.

2021-ல் இந்தக் காலியிடப் பிரச்சினையை உச்ச நீதிமன்றம் தாமாகவே முன்வந்து விசாரித்தது. தீர்ப்பாயங்கள் வேண்டாம் என்று அரசு கருதினால் சட்டத்தையே நீக்கிவிடலாமே என்று அப்போது நீதிபதிகள் வேதனையுடன் குறிப்பிட்டனர். நியமனத் தகுதி குறித்த தகராறும் நீண்டது. மாநில ஆணைய உறுப்பினருக்கு 20 ஆண்டு, மாவட்ட ஆணையத்துக்கு 15 ஆண்டு அனுபவம் வேண்டும் என்ற 2020-ஆம் ஆண்டு விதிகள் மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வில் ரத்து செய்யப்பட்டன. 2023 மார்ச்சில் அதை உறுதி செய்த உச்ச நீதிமன்றம், 10 ஆண்டு அனுபவம் போதும் என்றும் எழுத்துத் தேர்வு நடத்த வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

2025 மே மாதம் இதே வழக்கின் தொடர்ச்சியில் உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே சென்றது. குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்கு மட்டும் உறுப்பினர்களை நியமிக்கும் முறைக்குப் பதிலாக, நிரந்தர உறுப்பினர்களும் பணியாளர்களும் கொண்ட நிலையான நுகர்வோர் தீர்ப்பு அமைப்பை உருவாக்குவது சாத்தியமா என்பதை மூன்று மாதங்களுக்குள் தெரிவிக்குமாறு மத்திய அரசை அது கேட்டுக்கொண்டது. பதவிக்காலம் முடியும் ஒவ்வொரு முறையும் ஆணையம் முடங்குவது ஒரு விபத்து அன்று, அமைப்பிலேயே உள்ள குறை என்ற புரிதல் இந்த உத்தரவில் வெளிப்பட்டது.

சட்டம் மாநிலங்களுக்கு வேறொரு கடமையையும் தந்துள்ளது. துறை அமைச்சர் தலைமையில் மாநில நுகர்வோர் பாதுகாப்புக் குழுவும், மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாவட்டக் குழுவும் இயங்க வேண்டும். உரிமைகளைப் பாதுகாப்பது குறித்து ஆலோசனை கூறுவது இக்குழுக்களின் பணி. ஆணையத்தில் எத்தனை இருக்கைகள் காலியாக உள்ளன, வழக்குகள் எத்தனை மாதங்களாக நிலுவையில் உள்ளன என்பதை இக்குழுக்கள் தொடர்ந்து கேட்கத் தொடங்கினாலே நிலைமை ஓரளவு மாறும்.

மாவட்டத்தின் மேல் குவியும் வழக்குகள்

1986-ல் மாவட்ட மன்றங்கள் 1 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளையே விசாரித்தன. பின்னர் அது 5 லட்சமாகவும், 2003-ல் 20 லட்சமாகவும் உயர்ந்தது. தற்போது 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையம், 50 லட்சத்துக்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம், 2 கோடிக்கு மேல் தேசிய ஆணையம் என்பது 2021 டிசம்பர் இறுதியிலிருந்து நடைமுறையில் உள்ள வரம்பு.

தொகையைக் கணக்கிடும் முறையும் மாறிவிட்டது. முன்பு பொருளின் விலையும் கோரும் இழப்பீடும் சேர்த்துக் கணக்கிடப்பட்டன. இப்போது நுகர்வோர் செலுத்திய தொகை மட்டுமே அளவுகோல். எடுத்துக்காட்டாக, 20 ஆயிரம் ரூபாய் பிரீமியம் செலுத்தி 60 லட்சம் ரூபாய்க்குக் காப்பீடு எடுத்தவரின் குடும்பம் உரிமைத் தொகைக்காக வழக்குத் தொடுத்தால், அது மாவட்ட ஆணையத்துக்கே செல்லும்.

இதை எதிர்த்த வழக்கொன்றில் முன்வைக்கப்பட்ட நிகழ்வு துயரமானது. சுமார் 44 லட்சம் ரூபாய் மதிப்புள்ள கார் தீப்பிடித்ததில் ஒருவர் உயிரிழந்தார். குடும்பத்தினர் கோரியது 50 கோடி ரூபாய்க்கும் மேல். புதிய விதிப்படி அவர்கள் மாவட்ட ஆணையத்தையே அணுக வேண்டியிருந்தது. இந்த வகைப்பாடு அரசியல் சாசனத்துக்கு முரணானது இல்லை என்று 2025 ஏப்ரல் இறுதியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே நேரம், சட்டத்தின் செயல்பாட்டை ஆய்வு செய்து அரசுக்கு ஆலோசனை வழங்குமாறு மத்திய நுகர்வோர் பாதுகாப்புக் குழுவுக்கும் ஆணையத்துக்கும் அறிவுறுத்தியது.

வழக்கு வீட்டுக்கு அருகில் வருவது நுகர்வோருக்கு நன்மை. கட்டணமும் குறைகிறது அல்லது இல்லாமலே போகிறது. ஆனால், பெரிய காப்பீட்டு வழக்குகளும் மருத்துவ வழக்குகளும் மாவட்டத்தில் குவியும்போது, அங்கு போதிய உறுப்பினர்கள் இல்லையென்றால் மிக்சி வாங்கியவரின் வழக்கு வரிசையில் பின்னுக்குத் தள்ளப்படுகிறது. யாருக்காகச் சட்டம் முதலில் இயற்றப்பட்டதோ, அவரே அதிகம் காத்திருக்கும் நிலை உருவாகிறது.

தீர்ப்பு வந்த பிறகும் காத்திருப்பு

சாதகமான தீர்ப்பு கைக்கு வந்ததும் போராட்டம் முடிந்துவிடுவதில்லை. நிறுவனம் மேல்முறையீடு செய்யலாம். பழைய சட்டத்தில் மாவட்ட மன்றத்தின் உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய, தீர்ப்புத் தொகையில் பாதி அல்லது 25 ஆயிரம் ரூபாய், இவற்றில் எது குறைவோ அதைச் செலுத்தினால் போதும். பல லட்சம் ரூபாய் தர வேண்டிய நிறுவனத்துக்கு 25 ஆயிரம் ஒரு பொருட்டே இல்லை. புதிய சட்டம் அந்த உச்சவரம்பை நீக்கி, பாதித் தொகையைச் செலுத்தியாக வேண்டும் என்றது. இழுத்தடிப்பதற்காகவே மேல்முறையீடு செய்யும் போக்குக்கு இது ஓரளவு கடிவாளம்.

உத்தரவை நிறைவேற்றாதவர்களுக்கு ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டுகள் வரை சிறை, 25 ஆயிரம் முதல் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆயினும், நிறைவேற்று மனுக்கள் தனி வழக்குகளாகவே ஆண்டுக்கணக்கில் நீள்கின்றன. 2003 முதல் 2020 வரை நடைமுறையில் இருந்த ஒரு பிரிவில் 'இடைக்கால உத்தரவு' என்ற சொல் மட்டுமே இடம்பெற்றிருந்ததால், இறுதித் தீர்ப்புகளை நிறைவேற்றுவதிலும் சிக்கல் எழுந்தது. அதை 'எந்த உத்தரவும்' என்றே படிக்க வேண்டும் என்று 2025 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் விளக்கம் அளித்ததுடன், நிறைவேற்று மனுக்களை விரைந்து முடிக்க நடவடிக்கை எடுக்குமாறு தேசிய ஆணையத்தின் தலைவரைக் கேட்டுக்கொண்டது. ஒரு சொல்லின் குறையால் 17 ஆண்டுக் காலத் தீர்ப்புகளுக்கு ஐயம் எழுந்தது, சட்டம் எழுதுவோருக்கும் ஒரு பாடம்.

ஒருவர் இழப்பும் பலர் இழப்பும்

வழக்குத் தொடுப்பவருக்கு மட்டுமே நிவாரணம் என்றால், வழக்குத் தொடுக்காத லட்சக்கணக்கானோரை யார் காப்பது? ஒவ்வொருவரிடமும் 10 ரூபாய் கூடுதலாகப் பறிக்கும் நிறுவனத்துக்கு எதிராக எவரும் நீதிமன்றம் செல்லமாட்டார்கள். ஆனால், அந்தப் பத்து ரூபாய்கள் சேர்ந்து கோடிகளாகின்றன.

இந்த இடைவெளியை நிரப்பவே 2020 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமைக்கப்பட்டது. ஒரு தனிநபர் புகாருக்குக் காத்திராமல், நுகர்வோரை ஒரு பிரிவினராகப் பாதிக்கும் செயல்களை விசாரிக்கவும், ஆபத்தான பொருள்களைத் திரும்பப் பெறச் செய்யவும் இதற்கு அதிகாரம் உண்டு. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்கலாம். விளம்பரத்தில் தோன்றும் பிரபலங்களுக்கும் பொறுப்பு உண்டு. அவர்கள் விளம்பரங்களில் தோன்ற ஓராண்டு வரையும், தவறு தொடர்ந்தால் மூன்றாண்டுகள் வரையும் தடை விதிக்க முடியும்.

2023 நவம்பரில் இந்த ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், 'டார்க் பேட்டர்ன்' எனப்படும் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைத் தடை செய்தன. கேட்காமலே கூடையில் காப்பீட்டையோ நன்கொடையையோ சேர்த்துவிடுவது, இன்னும் இரண்டே இருக்கைகள் என்று பொய்யாக அவசரப்படுத்துவது, சந்தாவில் சேர ஒரே தொடுதல் போதும் என்று வைத்துவிட்டு விலகுவதற்கு மட்டும் பல பக்கங்களைக் கடக்கச் செய்வது, கடைசிப் பக்கத்தில் மட்டுமே முழு விலையைக் காட்டுவது ஆகியவை இவற்றில் அடங்கும். கைப்பேசியில் ஷாப்பிங் செய்யும் ஒவ்வொருவரும் இவற்றில் சிலவற்றையேனும் சந்தித்திருப்பர்.

உணவகங்கள் சேவைக் கட்டணத்தைக் கட்டாயமாக வசூலிக்கக் கூடாது என்ற 2022-ஆம் ஆண்டு வழிகாட்டுதலை எதிர்த்து உணவக உரிமையாளர் சங்கங்கள் தொடர்ந்த வழக்குகளை 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. தனிநபர் வழக்கால் எட்ட முடியாத பலனை ஒரு பொது உத்தரவால் எட்ட முடியும் என்பதற்கு இது சான்று.

தொழில் தரப்பின் கவலை

நுகர்வோர் சட்டம் ஒருபக்கச் சாய்வு கொண்டது என்ற குற்றச்சாட்டு தொழில் துறையினரிடமும் மருத்துவர்களிடமும் உண்டு. கட்டணமில்லாப் புகார் முறை, அடிப்படையற்ற புகார்களுக்கும் வழிவிடும் என்பது அவர்களின் அச்சம். வழக்குக்குப் பயந்து தேவையற்ற பரிசோதனைகளை எழுதும் பழக்கம் மருத்துவத்தில் பெருகும் என்ற வாதமும் புறக்கணிக்கத்தக்கது இல்லை.

ஆனால், சட்டம் வலிமை குறைந்தவருக்கு வாசலைத்தான் எளிதாக்கியிருக்கிறதே தவிர, வெற்றியை உறுதி செய்யவில்லை. சேவையில் குறைபாடு இருந்தது என்பதைப் புகார்தாரரே நிரூபிக்க வேண்டும். சிகிச்சை பலனளிக்கவில்லை என்பதாலேயே மருத்துவர் அலட்சியமாக இருந்தார் என்று முடிவு செய்ய முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் பலமுறை தெளிவுபடுத்தியுள்ளது. மேலும், வழக்கு விரைவாக முடிவது நேர்மையான வணிகருக்கும் நன்மையே. தரத்தில் கவனம் செலுத்தி நியாய விலைக்கு விற்பவர், ஏமாற்றி மலிவாக விற்பவருடன் போட்டியிட வேண்டியிருக்கிறது. ஏமாற்றுவதற்கு விலை கொடுக்க வேண்டும் என்ற நிலை வந்தால்தான் அந்தப் போட்டி சமமாகும்.

நுகர்வோர் கையில் உள்ளவை

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் புகார் அளிக்கலாம். நிறுவனத்துடன் பேசித் தீர்வு காண உதவும் ஏற்பாடு இது. உத்தரவு பிறப்பிக்கும் அதிகாரம் இதற்கு இல்லை. இங்கு புகார் அளிப்பது ஆணையத்தில் வழக்குத் தொடுப்பதற்கு ஈடாகாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் ஆணையத்தை அணுக வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது. 2025 ஜனவரியில் தொடங்கப்பட்ட 'இ-ஜாக்ரிதி' தளம் வழியாக வீட்டிலிருந்தே மனுவைத் தாக்கல் செய்யலாம்.

ரசீது தர மறுப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை என்று சட்டம் கூறுகிறது. குறைபாடுள்ள பொருளை ரசீதில் குறிப்பிட்ட காலத்துக்குள், அப்படி எதுவும் குறிப்பிடப்படாவிட்டால் 30 நாள்களுக்குள் திரும்பப் பெற மறுப்பதும் அவ்வாறே. விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று கடையில் தொங்கும் பலகை, பழுதான பொருளைப் பொறுத்தவரை சட்டத்தின் முன் செல்லாது.

எனினும், விழிப்புணர்வை மட்டும் வலியுறுத்துவது, பொறுப்பை மீண்டும் வாங்குபவரின் தலையிலேயே சுமத்துவதாகும். அந்தப் பழைய நிலையை மாற்றத்தான் இந்தச் சட்டம் வந்தது. உரிமையை அறிந்து, ரசீதைப் பத்திரப்படுத்தி, உரிய காலத்தில் மனு அளித்தவருக்கு மூன்று மாதங்களில் தீர்வு கிடைக்கிறதா என்பதே சட்டத்தின் நோக்கம் நிறைவேறியதற்கான அளவுகோல். அந்த அளவுகோலில் தேர்ச்சி பெற, புதிய பிரிவுகளைவிட முதலில் தேவைப்படுபவை மாவட்ட ஆணையங்களில் நிரப்பப்பட்ட இருக்கைகளும், போதிய பணியாளர்களும், தீர்ப்பை நிறைவேற்றும் உறுதியுமே. அவற்றை வழங்கும் அதிகாரம் மாநில அரசுகளிடம் ஏற்கெனவே இருக்கிறது.